ஆமை என்று எழுதிய கோமதி அக்கா

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே எழுதுவேன். கோமதி அக்காவைப் பற்றி வேறு விதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் வாசகசாலைக்கு வரும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டு வருவாரே, அவர்தான். சிலர் அவரை 'ஆமை அக்கா' என்ற பெயரால் மட்டும் அறிந்திருப்பீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகும் அப்படியே அழைக்கத் தோன்றினால் அழைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். விமானக் கம்பெனியின் புக்கிங் ஆபீஸில் அக்காவோடு வேலை பார்த்த சுகுமாரன் நாயர் சைக்கிளில் வந்து, எங்கள் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். அக்கா மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. எங்கள் வீட்டு மாடி அறையில் அக்கா வாடகைக்கு இருந்தார். அதனால் எங்களிடம் வந்திருக்கிறார்.

"அச்சன் உண்டோ?" என்று கேட்டார்.

"அப்பா கடைக்குப் போயிருக்காங்க. என்ன சார்?"

"கோமதி போயி" என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு அக்கா கிளம்பிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "அம்மா, அக்காவ வீட்டுக்கு விட்டுட்டாங்களாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். பாயை உதறி விரித்தேன். பானையில் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடிக்கலாம் என்று கீழே வந்தால், அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுகுமாரன் நாயர் தலையைக் குனிந்து சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டிருந்தார். 'போயி' என்ற சொல்லுக்கு அந்த அர்த்தமும் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம். ஆனால் "காது கேக்கறது இல்ல மக்கா, காது ஊகிக்குது" என்று அக்காவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அன்று என் காது தனக்கு வேண்டியதை ஊகித்துக்கொண்டது.

அக்கா நாகர்கோவில் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து இங்கேயே மலையாளத்தில் படித்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இலங்கையில் ஓர் அண்ணன் இருந்தார். எப்போதாவது கடிதம் போடுவார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "ஆகாத வயசா இது? நாம பாத்து முடிச்சு வைப்போம்" என்று அம்மா ஆரம்பித்தால், "முதல்ல எனக்கு ஒரு நல்ல குடை பாத்து முடிச்சு வைங்க மைனி, இது ஒழுகுது" என்று அக்கா மாடியேறிவிடுவார்.

புக்கிங் ஆபீஸில் அக்காவுக்கு டெலிபோன் வேலை. அந்த ஆபீஸில் இருந்த ஒரே பெண் அவர்தான். விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அங்கே காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கையில் கிடைத்த கால அட்டவணைகளையும் படப் பத்திரிகைகளையும் நான் படித்துக்கொண்டிருப்பேன். மணி அடித்தால் அக்கா ரிசீவரை எடுப்பதற்கு முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். "அவங்களுக்கா தெரியப்போகுது?" என்று கேட்டேன். "தெரியாதுதான். ஆனா சிரிச்சுக்கிட்டே பேசினா பல்லு தெரியற மாதிரியே கேக்கும், கேட்டியா" என்றார். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மாறி மாறிப் பேசுவார். வீட்டுக்கு வந்தால் ஒரு பேச்சும் இருக்காது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "நாள் பூரா ஊரே என் காதுக்குள்ள பேசுது. ஆனா எங்கிட்ட யாரும் பேசல" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் மட்டும் சிரித்தேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். இது நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்டதும் கேட்டதும்.

கோடை விடுமுறை. மத்தியானம் மதராஸுக்கு ஒரு டகோட்டா விமானம் போகும் நாள். காலையில், பழவங்காடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி போன் செய்தார். அவர் அடிக்கடி மதராஸுக்கு மருந்துச் சரக்கு அனுப்புகிறவர். ஆபீஸில் காலை நேரத்தில் வரும் போன்கள் பெரும்பாலும் மலையாளத்தில் வரும். அக்காவும் அந்த ஓட்டத்தில் மலையாளத்திலேயே கேட்டுக்கொண்டு போனார். எத்தனை கட்டு, என்ன எடை என்று கேட்டு எழுதினார். பிறகு எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "ஜீவனுள்ளது வல்லதும் உண்டோ?" உயிருள்ளது ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. அக்கா, "ஆம, ஒண்ணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். மலையாளத்தில் ஆமையை 'ஆம' என்பார்கள்.

"ஆமையைக்கூடவா அனுப்புவாங்க?" என்று கேட்டேன்.

"மருந்துக்குன்னா மனுஷங்க எதையும் அனுப்புவாங்க. சவம், அதுக்கும் ஒரு யோகம் பாரு. நான் இன்னும் ஏறல, ஆமை ஏறியாச்சு" என்றார்.

அக்கா ஒரு தடவைகூட விமானத்தில் போனதில்லை.

உயிருள்ளவற்றை ஏற்றுவதற்கு அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. நாய், பூனை, குரங்கு என்றால் கம்பிவலை அடித்த கூண்டும் அதற்குப் பூட்டும் வேண்டும். விமானிக்கு முன்கூட்டியே சொல்லி அவர் சம்மதித்தால்தான் ஏற்றலாம். ஆமை அப்படியல்ல. ஓடாது, தாவாது, கத்தாது. கூடையில் போட்டுக் கயிற்றால் கட்டினால் போதும். பயணிகளின் கடைசி இருக்கைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், பெட்டிகளோடு வைத்துவிடுவார்கள். அண்ணாச்சியின் கூடையும் அப்படியே போனது. சாக்கு சுற்றியிருந்ததால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. மருந்துக் கட்டுகளின் வாசனையில் வேறு வாசனையும் தெரியவில்லை.

மத்தியானம் மறுபடியும் அண்ணாச்சி போன் செய்தார். அவர் போனில் பேசுவது பஜாரில் கூப்பிடுவதுபோல இருக்கும். பெஞ்சில் இருந்த எனக்கே எல்லாம் கேட்டது.

"எம்மா, ஒரு சின்ன விசயம். கூடைக்குள்ள வாழப்பழம் போட்டிருக்கேன். மதராஸ்ல எறங்கினதும் கொஞ்சம் தண்ணி வைக்கச் சொல்லுங்க. கையக்கிய விட்டுரப் போறாவ, கடிச்சு வச்சிரும்."

அக்கா சிரித்தார். "ஆமை கடிக்குமா அண்ணாச்சி?"

"எந்த ஆமை?"

"நீங்க அனுப்பின ஆமை."

"நான் எங்கம்மா ஆமை அனுப்பினேன்? புனுகுப் பூனைல்லா அனுப்பிருக்கேன்! கல்லாத்துக்கு மேல காட்டுல பிடிச்சது. மதராஸ்ல ஒரு வைத்தியருக்கு."

"காலையில நீங்கதானே ஆமைன்னு சொன்னீங்க?"

"உயிருள்ளது உண்டான்னு கேட்டிய. ஆமான்னேன். ஆமான்னா ஆமையா? என்னம்மா, நீங்க தமிழ்ப் பிள்ளைதான?"

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு உடனே திரும்ப எடுத்துச் சங்குமுகத்துக்கு, விமான நிலையத்துக்கு, லைன் கேட்டார். லைன் கிடைக்கவில்லை. பின்னால் நின்ற சுகுமாரன் நாயர், "எந்தா கோமதி, ஆம பறந்நோ?" என்று கேட்டுச் சிரித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் கேட்டார், மறுபடியும். லைன் கிடைத்தபோது விமானம் கிளம்பிவிட்டிருந்தது. வயர்லெஸ்ஸில் விமானிக்குச் சொல்லுங்கள் என்று அக்கா கெஞ்சினார். மலையாளத்தில் சொன்னார். பூனைக்கு இங்கிலீஷில் 'கேட்' என்றார். அந்தப் பக்கம் இருந்தவர், காதில் விழுந்ததா என்ற அர்த்தத்தில் 'கேட்டோ' என்று அக்கா கேட்பதாக நினைத்து, "கேட்டு, கேட்டு" என்றார். உடனே அக்கா நிறுத்தி, "சி, ஏ, டி" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "திருப்பிச் சொல்லுங்க" என்றார். அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது, அதைச் சரிசெய்யவில்லை.

விமானத்துக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. சில நாள் கழித்து அந்த விமானியே ஆபீஸுக்கு வந்து மானேஜரிடம் சொன்னதை அக்கா கேட்டு எனக்குச் சொன்னார். புனுகுப் பூனை கூடையைக் கடித்து வெளியே வந்துவிட்டது. பகலில் பதுங்கிக்கிடக்கும் பிராணி அது. வெளிச்சமும் இயந்திர இரைச்சலும் சேர, திரைக்கு அடியில் புகுந்து இருக்கைகளுக்குக் கீழே ஓடியிருக்கிறது. யாரோ ஒருவர், "புலி!" என்று கத்திவிட்டார். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து முன்பக்கம் ஓடினார்கள். விமானத்தின் மூக்கு கீழே தாழ்ந்தது. ஒரு பெரியவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வயர்லெஸ் செய்தி அதற்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்திருந்தது. "பின்னால் இருப்பது பூனை என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நிதானமாக இருந்தேன். தெரியாமல் இருந்திருந்தால் தீப்பிடித்ததால் ஓடுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். அப்போது நான் வேறு ஏதாவது செய்திருப்பேன்" என்று விமானி சொன்னாராம். விமானம் வழியில் திருச்சியில் பத்திரமாக இறங்கியது. பூனை இறங்கவில்லை. யாரோ அதன்மேல் கம்பளியைப் போட்டு அமுக்கிப் பிடித்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தபோது அது செத்திருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, "அது என்ன தப்பு செஞ்சுது, சொல்லு" என்றார் அக்கா.

"நீங்க சொன்னதாலதானே எல்லாரும் பிழைச்சாங்க?"

"நான் எழுதினதாலதானே எல்லாரும் ஓடினாங்க?"

இதை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மானேஜர் கெட்டவர் அல்ல. அக்காவைக் காப்பாற்றவே பார்த்தார். அனுப்பியவர் தவறான விவரம் கொடுத்தார் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், காரியம் தீர்ந்தது என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு சரியாத்தான் சொன்னாரு சார். அவரு சொன்னது தமிழு. நான் கேட்டது மலையாளம்" என்றாராம். இந்த வாக்கியத்தை எனக்குச் சொன்னவர் சுகுமாரன் நாயர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு டெலிபோன் சுகுமாரன் நாயருக்குப் போனது. அக்காவைப் பின் அறையில் உட்காரவைத்து, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி. நான் போனால் பெட்டி மேல்தான் உட்கார வேண்டும். ஆபீஸில் அவரை 'ஆம' என்றார்கள். நம் தெருக்களில் செய்தி வேறு விதமாகப் பரவியது. தமிழ்ப்பெண் ஒருத்திக்கு 'ஆமா' என்ற சொல் விளங்காமல் போயிற்றாம் என்று பேசினார்கள். பழவங்காடியில் தேங்காய் வாங்கப் போனால், "எக்கா, தேங்காதான வேணும்? ஆமான்னு மட்டும் சொல்லிராதீங்க, ஆமையத் தந்துருவேன்" என்று கடைக்காரர் சொல்வார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எந்த ஊர் எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று எல்லா வீடுகளிலும் விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அக்காவை எந்தப் பக்கத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் டெலிபோனைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். உயிருள்ள எதையும் போனில் பதிவு செய்யக் கூடாது; ஆபீஸிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் பயணிகள் போகும் விமானத்தில் ஏற்ற வேண்டும். "சரக்கக் காதால கேட்டு எழுதலாம் சார், உயிரக் கண்ணால பாத்துத்தான் எழுதணும்" என்றார். ஒவ்வொரு நாய்க்குட்டியையும் பெண் பார்க்கப் போவதுபோலப் போய்ப் பார்க்க ஆளுக்கு எங்கே போவது என்று மானேஜர் கேட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ஆகவே அக்கா தானே போகத் தொடங்கினார். வேலை முடிந்து, அந்த ஒழுகும் குடையோடு, மறுநாள் யார் வீட்டிலிருந்து என்ன பிராணி போகிறதோ அந்த வீட்டுக்கு நடப்பார். கூண்டின் கதவை ஆட்டிப் பார்ப்பார். காற்று வர இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். கோழிக்குஞ்சுப் பெட்டிகளில் மூச்சுக்காகப் போட்ட துளைகளின் மேலேயே முன்பெல்லாம் லேபிளை ஒட்டிவிடுவார்கள். அக்கா பின் அறைக்குப் போன பிறகு ஒரு துளையும் மூடப்படவில்லை.

ஒரு முறை நானும் உடன் போனேன். எஸ்டேட் வைத்திருந்த ஒரு கனவானின் பங்களா. அவர் தம்முடைய பெரிய நாயை விமானத்தில் தம் காலடியிலேயே, கூண்டு இல்லாமல், கூட்டிக்கொண்டு போக மானேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார். எங்களை வாசற்கதவுக்கு வெளியே நிறுத்தியே பேசினார். நாய் அவர் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"இவன் குரைக்கக்கூட மாட்டான். மனுஷனைவிட ஒழுக்கம்" என்றார்.

"குரைக்க வேண்டாம் சார். எந்திரிச்சு நின்னாலே போதும்" என்றார் அக்கா.

"நின்றால் என்ன?"

"பக்கத்துல இருக்கிறவரு எந்திரிப்பாரு. அவரப் பாத்து அடுத்தவரு எந்திரிப்பாரு. நாயோட எடைய நாங்க எழுதிருவோம் சார். பயத்தோட எடைய எங்க எழுதறது?"

அவர், "உங்களைக் கம்பெனி அனுப்பியதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நானாத்தான் வந்தேன்."

கதவு மூடப்பட்டது. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்தார். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குட்டி அழுக? நாய் நம்மளக் கடிக்கலையே" என்றார்.

மறுநாள் அந்த நாய் விமானத்தில் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். போகும் வழியெல்லாம் தூங்கிற்றாம். சுகுமாரன் நாயர் பின் அறைக்கு வந்து, நாய் அக்காவை விசாரித்ததாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலை நான் கோபமாக இருந்தேன். ஏதாவது நடந்திருக்க வேண்டும், அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும் என்றேன். அக்கா என் வாயைப் பொத்தினார். "அப்படிச் சொல்லாத மக்கா. நடந்தாத்தான் நான் சொன்னது சரின்னு ஆகும்னா, நான் சொன்னது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இப்படி எத்தனை வீடுகளுக்குப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. நான் உடன் போனது அந்த ஒரு முறைதான். பிறகு பரீட்சை வந்தது. நான் புத்தகமும் கையுமாக இருந்தேன். அக்கா மழையில் நனைந்து வருவதைப் பார்த்து அம்மா திட்டினாள். "யாரு ஒன்னப் போகச் சொன்னா? சம்பளம் தாறானா? நன்றிதான் சொல்லுதானா?" அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே, "போகாம இருந்தா தூக்கம் வரல மைனி" என்றார்.

கண்கள் மஞ்சளானதை முதலில் பார்த்தவள் அம்மா. ஆஸ்பத்திரியில் அக்காவை நான் கடைசியாகப் பார்த்தபோது, அவர் மிகவும் மெலிந்திருந்தார். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி உறவினர்கள் கூட்டமாக இருந்தார்கள். அக்காவின் கட்டிலருகே நானும் அம்மா கொடுத்துவிட்ட கஞ்சிப் பாத்திரமும் மட்டும் இருந்தோம். வீட்டைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"இப்ப யாரு போய்ப் பாக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது. யாரும் போவதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வரும்க்கா. புத்தகத்துல படிச்சேன், வெளிநாட்டுல எல்லாம் வந்துட்டிருக்காம்" என்றேன்.

"வரட்டும். நல்லதுதான். அது வர்ற வரைக்கும் யாரு?"

"நான் போறேன்."

அக்கா சிரித்தார். "ஒனக்குக் கதவத் தெறக்க மாட்டாங்கட்டி. எனக்கே தெறக்கல" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆபீஸ்லயிருந்து ஒருத்தர் போனாப் போதும். ஒரே ஒருத்தர்" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவர் என் முன்னால் பேசிய கடைசிப் பேச்சு அது. இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

காரியங்களை என் அப்பாவும் அண்ணாச்சியும் முன்னின்று செய்தார்கள். ஆமாம், அந்த நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சிதான். "எம்மேல பழியப் போட்டிருந்தா இந்தப் பிள்ள சொகமா நாற்காலில இருந்திருக்கும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். இலங்கையிலிருந்து அண்ணனால் உடனே வர முடியவில்லை. அக்காவை எடுத்துக்கொண்டு போனபோது தெருவில் பல வீட்டுக் கதவுகள் திறந்தன, பார்த்தார்கள், மூடிக்கொண்டார்கள்.

நேற்று மாலை, ஆபீஸில் இருந்த அக்காவின் சாமான்களை வாங்கி வர அப்பாவோடு போனேன். பின் அறையில் ஒரு சாப்பாட்டுப் பாத்திரமும், ஒரு ஜோடிச் செருப்பும், பசைக் கிண்ணமும் இருந்தன. பசை காய்ந்து வெடித்திருந்தது. அப்பா மானேஜரிடம் பேசப் போனார். சுகுமாரன் நாயர் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கட்டி என்னிடம் தந்தார். தந்துவிட்டும் போகாமல் நின்றார். தமிழும் மலையாளமும் கலந்து தயங்கித் தயங்கிப் பேசினார்.

முந்தாநாள் ஒருவர் போன் செய்து, ஒரு கீரி அனுப்ப வேண்டும் என்றாராம். "ஞான் எழுதி. கீரி, ஒண்ணு. கூண்டு உண்டோ? உண்டு. பூட்டு உண்டோ? உண்டு. போன வெச்சு. பின்ன எனிக்கு இருக்க முடியல குட்டீ" என்றார்.

"அப்புறம்?"

"போயி பாத்தேன். பழவங்காடில ஒரு லாட்ஜ்ல இருந்நு. கீரிதான். கூண்டும் உண்டு. பூட்டுன்னு சொன்னது என்னன்னு அறியோ? வாழநார்! வாழநார் கொண்டு கதவக் கெட்டி வெச்சிருக்கான்." தம் இரண்டு கைகளாலும் அந்த முடிச்சைக் காற்றில் போட்டுக் காட்டினார். "இது ஏற்ற மாட்டேன்னு பறஞ்ஞு. அவன் என்னத் திட்டினான். காலையில மானேஜரும் திட்டினார்."

"இனிமேலும் போவீங்களா சார்?"

அவர் போவேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். நம்பியிருப்பேனா என்று தெரியாது. "அறியில்ல" என்றார். பிறகு, "நாளைக்கு ஒரு ஆட்டுக்குட்டி உண்டு. சாஸ்தமங்கலத்துல. தூரம்தான்" என்றார்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. வீட்டுக்குப் போனதும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார், சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்துவிட்டேன். பிறகு கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். அக்கா உயிரோடு இருந்தபோது அவரோடு நடக்க ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை. இப்போது ஒருவர் நடக்கிறார். அக்காவுக்கு அது தெரியாது. இந்த இரண்டில் எதை நினைத்து அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாத்திரத்தை அம்மா வைத்துக்கொள்வாள். செருப்பு யாராவது இல்லாதவர்களுக்குப் போகும். என்னிடம் இருக்கப்போவது சாமான் எதுவும் இல்லை. என் காதின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன். ஒருவர் 'ஆமா' என்று சொன்னால், அதோடு விட்டுவிடாமல், 'என்ன ஆமா?' என்று இன்னொரு முறை கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்காகச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கேட்ட பிறகும் மனம் ஆறாவிட்டால் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் வைத்துக்கொள்கிறேன். அதை இன்னும் நான் செய்து பார்த்ததில்லை.

அப்பா வந்து என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் மூடும் நேரமாகிவிட்டது. நாங்கள் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, சுகுமாரன் நாயர் பின் அறை விளக்கை அணைத்தார், பிறகு முன் அறை விளக்குகளையும் அணைத்தார்.